நடுக்கடலில் ஒரு லயக் காம்பிரா

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பாதிக் கதையில் கையைத் தூக்கி, "கம்பியூட்டருக்குள்ளே எங்கே ஐயா பேய் வரும்?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எனக்கும் தெரியாது. புளியமரத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று பேய்க்கு யார் சட்டம் போட்டார்கள்? மஸ்கெலியா கடைவீதியில் அந்தக் கடை இருக்கிறது. அதை நடத்துகிற பெண்ணும் இருக்கிறாள். அவள் வாயால் நான் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

அவள் பெயர் நாகலெட்சுமி. இந்தக் கதையே அந்தப் பெயரால் வந்த வினைதான். ஆகவே அதை மறந்துவிடாதீர்கள்.

2008ஆம் ஆண்டு. போன், போட்டோகொப்பி, இரண்டு கம்பியூட்டர்கள் வைத்து ஒரு சின்னக் கொமியுனிகேஷன் கடையை நாகலெட்சுமி நடத்திக்கொண்டிருந்தாள். கூடவே 'மலையஞ்சலி' என்று ஓர் இணையத்தளம். தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் சாவுகளுக்கு மரண அறிவித்தல் போடுகிற தளம். முன்பெல்லாம் ஒரு சாவு விழுந்தால் இழவு சொல்ல ஆள் பஸ் ஏறவேண்டும். பூண்டுலோயாவில் இருக்கிற சம்பந்திக்குச் சேதி போவதற்குள் இங்கே குழியை மூடியிருப்பார்கள். இப்போதோ பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் அரபு நாட்டு வீடுகளிலும் கிடக்கிறார்கள். அங்கே பஸ் போகாது. அதனால் நாகலெட்சுமியின் தளத்துக்கு நல்ல மதிப்பு.

தளம் முதலில் கொழும்புக் கம்பனி ஒன்றின் சேர்வரில் இருந்தது. ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால், கூட்டம் தாங்காமல் அந்தச் சேர்வர் மூன்றாவதாக விழுந்துவிடும். அப்போதுதான் மயூரதன் மாஸ்டர் ஒரு வழி சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்துப் பாடசாலையில் கம்பியூட்டர் படிப்பித்தவர்.

"தங்கச்சி, நடுக்கடலிலை ஒரு சின்னத் தீவு. அங்கை ஒரு கம்பனி மெய்நிகர் சேர்வர் வாடகைக்கு விடுது. ஒருத்தரும் போய் வயரைப் பிடுங்கமாட்டினம்."

"மெய்நிகர்னா என்னா சார்?"

"ஒரு பெரிய மிஷினை உள்ளுக்குத் தடுத்துத் தடுத்து ஆக்களுக்குக் குடுக்கிறது. ஆளாளுக்குத் தனி மிஷின் மாதிரித்தான் இருக்கும். ஆனா மிஷின் ஒண்டுதான். பக்கத்திலை ஆர் இருக்கினம் எண்டு தெரியாது."

"அட, நம்ம தோட்டத்துல குடியிருக்கிற லயம் சார் அது! ஒரே கூரை, நடுவுல செவுரு. நம்மளுக்கு ஒரு காம்பிரா."

மாஸ்டர் சிரித்துவிட்டார். "லயம்தான். ஆனா லயத்திலை பக்கத்து வீட்டுச் சத்தம் கேக்கும். இதிலை கேக்காது."

மனிதர் அந்த ஒன்றைத்தான் பிழையாகச் சொன்னார்.

இனி நாகலெட்சுமியின் மனதை அரித்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு ஒரு தங்கை, பிரேமினி. ஆறு வயது இளையவள். உயர்தரம் படித்த காலத்தில் அக்காவின் பேரும் தோட்டத்தில் பதிவாகியிருந்தது. வேலைக்கு ஆள் போகாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த காம்பிராவுக்கு ஆபத்து. அதனால் பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் சின்னவள் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போவாள். பெரட்டு என்றால் விடிகாலை ஆறரைக்கு ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். கணக்கப்பிள்ளை "நாகலெட்சுமி!" என்பார். "இருக்கேங்க" என்று ஒரு சின்னக் குரல் வரும். கணக்கப்பிள்ளைக்குத் தெரியாமலா? கூடை நிறைந்தால் போதும் என்று விட்டுவிடுவார்.

தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் சொல்வார்கள். முழுநாள் உழைத்தால் ஒரு பேர், பாதிநாள் என்றால் அரைப்பேர். பிரேமினி உழைத்த பேரெல்லாம் அக்காவின் பேரில் விழுந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அரபு நாட்டு வீட்டு வேலைக்கு ஏஜென்ட் கேட்டு வந்தது நாகலெட்சுமியைத்தான். வயது சரி, அடையாள அட்டை சரி. அவளுக்குக் கடையை விட்டுப் போக மனமில்லை. அம்மா பேச்சியம்மாவோ, கூரைத் தகரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பிரேமினி முந்திக்கொண்டாள்.

"நான் போறேன். ஒன் பேரக் குடு."

"ஒனக்குப் பதினெட்டே ஆகலடி."

"ஒனக்கு ஆயிருச்சுல்ல? பேருதானக்கா. தேஞ்சா போயிரும்?"

தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அக்காவின் பிறப்புச் சான்றிதழும் தங்கையின் முகமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பாஸ்போட் வந்தது. அதைக் கையில் வாங்கியபோது தனக்கு முதலில் வந்தது நிம்மதிதான் என்று என்னிடம் சொன்னாள். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் தொண்டைக்குள் சோறு இறங்குவதில்லையாம்.

பிரேமினி மாதம் ஒருமுறை கடைக்குப் போன் பண்ணுவாள். "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்பாள். தான் சாப்பிட்டதைச் சொல்லமாட்டாள். அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கியதும் போன் நின்றுவிட்டது.

ஜூலை மாதம். மலை முழுக்க மூட்டம். பகலிலும் கடைக்குள் லைட் போட்டிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்து தளத்தைப் பார்த்தாள். முந்தின வாரம் இறந்துபோன வீரய்யா என்ற பெரியவரின் அறிவித்தல். அதன் கீழே அஞ்சலி எழுதுகிற இடத்தில் புதிதாக ஒரு பதிவு இருந்தது.

பெயர்: நாகலெட்சுமி.

செய்தி: இருக்கேஙக.

நேரம்: காலை 6.30.

ஆறரைக்குக் கடை பூட்டிக் கிடந்தது. சாவி அவள் இடுப்பில். யாரோ பையன்களின் சேட்டை, அதிலும் எழுத்துப் பிழை வேறு, என்று திட்டிக்கொண்டே அழித்தாள்.

மறுநாள் வேறொருவரின் அறிவித்தலில் அதே பெயர். அதே சொல். அதே ஆறரை.

அன்று குவைத்திலிருந்து ஒருவர் போன் எடுத்தார். "தங்கச்சி, ஒங்க சைட்டு தெறக்கவே மாட்டேங்குதே?"

நாகலெட்சுமி தன் கம்பியூட்டரில் திறந்து பார்த்தாள். நன்றாகத் திறந்தது. "இங்க தெறக்குதுங்களே. ஒங்க பக்கந்தாண்ணே ஏதோ கோளாறு."

போனை வைத்த பிறகுதான் உறுத்தியது. நன்றாகத் திறந்தது என்பதைவிட, அளவுக்கு மீறி நன்றாகத் திறந்தது. அந்த லைனில் ஒரு படம் வரவேண்டுமென்றால் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். இப்போதோ தொட்டதும் வந்து நிற்கிறது. நடுக்கடலிலிருந்து வருவது மாதிரி இல்லை. பக்கத்து அறையிலிருந்து எடுத்து நீட்டுவது மாதிரி இருந்தது.

மாஸ்டரைக் கூப்பிட்டாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பதிவு வந்த வழியைத் தேடினார். தேடத் தேட முகம் சுருங்கியது.

"இது வெளியிலையிருந்து வரேல்லை, தங்கச்சி."

"அப்புறம்?"

"சேர்வருக்கு உள்ளையிருந்து வந்திருக்கு."

"பக்கத்துக் காம்பிராவா சார்?"

மாஸ்டர் இந்த முறை சிரிக்கவில்லை. கம்பனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் போட்டுவிட்டு, குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். கம்பனியிடமிருந்து பதில் வரவில்லை.

அதன்பிறகு எல்லா அறிவித்தலிலும் அந்தச் சொல் வந்தது. அழிக்க அழிக்க வந்தது. ஒரு நாள் அழிப்பதை நிறுத்திவிட்டு, அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்த்தாள்.

இருக்கேஙக.

ங-வின் மேல் இருக்கவேண்டிய புள்ளி இல்லை.

பிரேமினிக்குத் தட்டச்சுச் சொல்லிக் கொடுத்ததே நாகலெட்சுமிதான். இதே கதிரையில் உட்காரவைத்துத்தான். அந்த விசைப்பலகையில் புள்ளிக்குத் தனி விசை. மற்ற எழுத்துகளுக்குப் போட்டாலும், ங-வுக்கு மட்டும் சின்னவள் அதை எப்போதும் மறப்பாள். "புள்ளி எங்கடி?" என்று தலையில் குட்டுவாள் அக்கா. "வாசிக்கிறவங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று பல்லைக் காட்டுவாள் தங்கை.

தெரிந்துவிட்டது.

மறுநாள் விடியும் முன்பே புறப்பட்டாள். அம்மா கேட்டதற்கு ஏதோ பொய். பாதையில் மூட்டம்... முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. மேலே தோட்டத்தில் பெரட்டுக்கு ஆட்கள் போகும் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கடைக்குள் நுழைந்து கதவை உள்ளே பூட்டிக்கொண்டாள். கம்பியூட்டரைப் போட்டாள். வீரய்யாவின் பக்கம். உடனே திறந்தது.

ஆறரை.

பதிவு வந்தது.

இருக்கேஙக.

கீழே தட்டினாள். "யாரு?"

எதுவும் இல்லை...

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு...

பேர் கூப்புடுஙக.

தன் பெயரைத் தட்டினாள். நாகலெட்சுமி.

இருக்கேஙக.

அவள் கதிரையை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

அது ஒன் பேருக்கா.

என் பேர கூப்புடு.

விரல் விசைமேல் நின்றது. பிரேமினி என்று நாலே எழுத்து. அவளால் முடியவில்லை. அது செத்தவர்களின் பக்கம். அங்கே தங்கையின் பேரைக் கூப்பிட்டு, அங்கிருந்து பதில் வந்துவிட்டால்? கூப்பிடாதவரை அவள் எங்கோ ஒரு வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருப்பாள். போன் பண்ண நேரமில்லாமல் இருப்பாள். உயிரோடு இருப்பாள்.

கூப்புடுக்கா.

கூப்புடுக்கா.

கூப்புடுக்

வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். திரை அணைந்தது.

அதே இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைவீதி திறந்தது. ஹட்டன் பஸ் வந்து போனது. ஒன்பது மணி போல போன் அடித்தது. கொழும்பிலிருந்து ஒரு பெண்.

"ஹலோ, நாகலெட்சுமிட வீட்டாக்களா?"

"ஆமாங்க."

"ஏஜென்சியிலருந்து பேசுறன். மனச தைரியமா வச்சிக்கோங்க. நாகலெட்சுமி தவறிட்டாங்க. மாடியிலருந்து விழுந்ததாம். போன செவ்வாய்க்கிழமை."

தன் சாவுச் செய்தியைத் தன் காதாலேயே கேட்டாள் நாகலெட்சுமி. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதல் பதிவு வந்தது.

"ஹலோ? நீங்க அவங்களுக்கு யாரு?"

"தங்கச்சி."

"பேரு?"

இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்லும்போது இங்கேதான் அவள் நிறுத்தினாள்.

"பிரேமினி," என்றாள் போனில்.

இத்தனை வருஷம் தங்கை அக்காவின் பேரைச் சுமந்தாள். அன்று அக்கா தங்கையின் பேரையும் எடுத்துக்கொண்டாள். செத்தவளுக்கு ஒரு பேரும் மிச்சமில்லை.

பேச்சியம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துச் சுவரோரம் சாய்ந்தவள் மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். "நெசத்தச் சொன்னா ஒன்னையும் புடிச்சிட்டுப் போயிருவாங்க. பொட்டியும் வராது. இருக்கிற புள்ளையாவது இருக்கட்டும். வாய மூடிட்டு இரு." பெற்ற வயிறு, அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லயத்தில் எல்லோருக்கும் உண்மை தெரியும். பாவம் பார்த்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பெட்டி வந்தது. ஏஜென்சிக்காரர் ஒருவரும் கூடவே வந்தார். பெட்டியின் தலைமாட்டில் ஆங்கிலத்தில் பெயர் ஒட்டியிருந்தது. நாகலெட்சுமி அதைப் படித்தாள். தன் பெயரைப் பெட்டியில் படித்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

வெளியே தப்பு முழங்கியது. உள்ளே பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஏஜென்சிக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதால் பேச்சியம்மா பெரியவளின் பேரைச் சொல்லியே ஒப்பாரி வைத்தாள். பெற்ற பிள்ளையின் பிணத்தை வைத்துக்கொண்டு, உயிரோடு நிற்கிற பிள்ளையின் பேரைச் சொல்லி அழுதாள். நாகலெட்சுமி தேத்தண்ணிக் கேத்தலோடு வாசலில் நின்றாள்.

ஏஜென்சிக்காரர் ஒரு தாளை நீட்டினார். "நீங்கதானே பிரேமினி? இதுல ஒரு கையெழுத்து வைங்க."

கேத்தலைக் கீழே வைத்தாள். பேனாவை வாங்கினாள்.

அம்மாவின் குரல் உச்சத்துக்கு ஏறியது. "ஏ நாகலெட்சுமீ...!"

"இருக்கேங்க."

பேனா நின்றது.

பக்கத்துக் காம்பிராவிலிருந்து வந்தது அது. சுவருக்கு அந்தப் பக்கம். அந்தக் காம்பிராக்காரர்கள் கொழும்புக்குப் போய் ஒரு வருஷம். கதவில் பூட்டுத் தொங்குகிறது.

அம்மாவும் நிறுத்திவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது.

தப்புச் சத்தம் ஓய்ந்தது.

"இருக்கேங்க..."

சின்னக் குரல். பெரட்டில் கேட்ட அதே குரல்.

ஏஜென்சிக்காரருக்குக் கேட்டதோ என்னவோ, தெரியாது. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

நாகலெட்சுமி பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாந்தாங்க நாகலெட்சுமி," என்றாள். "பொட்டியில இருக்கிறது என் தங்கச்சிங்க. என் பேர்ல அனுப்பிட்டேன். அவ பேரு பிரேமினி."

பேச்சியம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். நாகலெட்சுமி சுவரோடு போய் நின்றாள். கணக்கப்பிள்ளை கூப்பிடுகிற மாதிரியே, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"பிரேமினி!"

சத்தமில்லை.

"பிரேமினி... அக்கா கூப்புடுறேன்டி..."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் அவள் தரையில் விழுந்து அழுதாள்.

பெட்டியில் ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டு, அதில் பிரேமினி என்று எழுதித்தான் அடக்கம் செய்தார்கள். பிறகு பொலிஸ், விசாரணை, நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்குமாக அலைச்சல். அவமானமும்தான். அதையெல்லாம் தன் பேரிலேயே பட்டேன் என்று சொன்னாள். அதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது போலிருக்கிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் தங்கையின் அறிவித்தலைப் போடக் கடைக்கு வந்தாள். தளம் திறக்கவில்லை. அன்று மட்டுமில்லை, அந்த வாரம் முழுக்கத் திறக்கவில்லை.

கடைசியில் கம்பனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மயூரதன் மாஸ்டர்தான் படித்துச் சொன்னார். தீவை வெளியுலகத்தோடு இணைக்கிறது ஒரே ஒரு கடலடிக் கேபிள். அது அறுந்துவிட்டதாம். அதே புயலில் கட்டடத்துக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரமும் நின்றுவிட்டதாம். இப்போதுதான் சரிசெய்தார்களாம். தடங்கலுக்கு வருந்துகிறார்களாம்.

"எப்ப இருந்து சார் நின்னுச்சாம்?"

மாஸ்டர் திரும்பவும் ஒருமுறை படித்தார். "ஜூலை மாசம். அந்தத் திங்கட்கிழமை ராத்திரி."

முதல் பதிவு வந்ததற்கு முதல்நாள். அவள் திறந்து பார்த்த நாளெல்லாம், அழித்த நாளெல்லாம், பேர் கூப்பிடச் சொன்ன அந்தக் காலையிலும், நடுக்கடலில் அந்த இயந்திரம் உயிரில்லாமல் கிடந்திருக்கிறது. தளம் மறுபடி வந்தபோது அந்தப் பதிவுகளில் ஒன்றுகூட அதில் இல்லை.

"நானும் பாத்தனான், தங்கச்சி," என்றார் மாஸ்டர். "என்ரை கண்ணாலை பாத்தனான்." அடுத்த தவணைக்கே அவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதை நாகலெட்சுமி எனக்குச் சொன்னது மறுவருஷம், அவள் கடையில் வைத்து, பட்டப்பகலில். 'மலையஞ்சலி'யை வேறு சேர்வருக்கு மாற்றிவிட்டாள். அதில் பிரேமினியின் அறிவித்தலும் இருக்கிறது, சரியான பேரோடு. ஆனால் அந்தத் தீவுச் சேர்வருக்கும் இன்னும் வாடகை கட்டுகிறாள் என்பது பேச்சோடு பேச்சாகத் தெரியவந்தது.

"அதுலதான் ஒண்ணுமே இல்லையேம்மா. காலி பண்ணிறலாமே?" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"ஆள் இருக்கிற காம்பிராவ எப்புடிங்க காலி பண்றது?"

அவள் கம்பியூட்டரை என் பக்கம் மெதுவாகத் திருப்பினாள்.

"பாக்குறீங்களா? இப்பல்லாம் அவ புள்ளி மறக்கிறதில்ல," என்றாள்.

ஹட்டன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துகொண்டேன். பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.